பதினோரு கோடி மூலக்கூறும் ஒரு சால்னாவும்

சங்கரசுப்பு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

மாவை வீசிக்கொண்டிருந்த சுயம்புலிங்கத்தின் கை அப்படியே நின்றது. மாவு கல்லில் விழாமல் பக்கத்துத் தண்ணீர் வாளியில் விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பதினாறு வருடமாகச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து நேரே வந்து, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அது முங்குகிற அளவுக்குச் சால்னா கேட்கிற மனிதர், இன்றைக்குத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மைதீன் பாட்சா கடைக்குள் நுழைகிறார்.

"ஏட்டி மாரி, பாத்தியா?"

"என்னத்த?" என்றாள் மாரித்தாய். அவள் சால்னா அண்டாவின் பக்கம் நின்றிருந்தாள்.

"சங்கரசுப்பு அங்கன போயிட்டாரு."

"போனா போறாரு. கடைன்னா நாலு பேரு வருவாவ, நாலு பேரு போவாவ."

"நாலு பேரு போகட்டும். சங்கரசுப்பு போகலாமா?" என்றார் சுயம்புலிங்கம். "எல்லாம் சால்னா செய்த வேலை."

மாரித்தாயின் கரண்டி அண்டாவின் விளிம்பில் டங்கென்று ஒருமுறை இடித்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமான புருஷனுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். சுயம்புலிங்கத்துக்குப் பரோட்டா தெரியும், மற்றதெல்லாம் கொஞ்சம் மெதுவாகத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். சங்கரன்கோவிலில் கறி போடாத வெறுஞ்சால்னாவுக்கு அவருடைய கடைதான் பேர்போனது. பரோட்டா அவர் கை, சால்னா மாஸ்டர் சண்முகையாவின் கை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள், கடையில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், "ஏ சண்முகையா, இன்னைக்கு உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்று சுயம்புலிங்கம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சண்முகையா கரண்டியைக் கழுவி வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ரோட்டைக் கடந்தார். எதிரே மைதீன் பாட்சா கடைக்குள் போய் அங்கே கரண்டியை எடுத்தார். ஒரு கல் உப்பு செய்த காரியம்.

அன்றிலிருந்து சால்னா வைப்பது மாரித்தாய். வாடிக்கைக்காரர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். சுயம்புலிங்கம்தான் தினமும் ஐந்து மணிக்கு உள்ளங்கையில் ஒரு கரண்டி வாங்கி, கண்ணை மூடி நக்கிப் பார்த்துவிட்டு, "ம்ஹூம். மாஸ்டர் கை இல்ல" என்று உதட்டைப் பிதுக்குவார்.

இதில் அவசரமும் சேர்ந்துகொண்டது. கோமதி அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பதிமூன்று நாள்தான் இருந்தது. சுற்றுவட்டாரத்து ஊர்களெல்லாம் சங்கரன்கோவிலில் வந்து இறங்கும். அந்த நாட்களில் எடுக்கிற பேர்தான் அடுத்த தபசு வரைக்கும் ஓடும். அந்த நேரத்தில் ஊரே சங்கரசுப்பு மாதிரி ரோட்டைக் கடந்தால் கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். இருபத்திரண்டு வருடக் கடை. 

மறுநாள் காலையில் மகள் பிரேமலதாவிடம் போனார். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள்.

"தாயி, ஒரு கொழம்புல என்னென்ன போட்டுருக்குன்னு ஒங்க படிப்ப வச்சிக் கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியும்பா. மதுரையில எங்க சார் லேப்ல ஒரு மெஷின் இருக்கு. வாசனைய ஒண்ணொண்ணாப் பிரிச்சி மூலக்கூறுகளோட பேரு போட்டுக் குடுக்கும். பேரு கெடச்சிட்டுன்னா இந்தா, இதுல தேடிக்கிடலாம்." மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். "உலகத்துல உள்ள மூலக்கூறெல்லாம் இதுல சேத்து வச்சிருக்காங்க. பதினோரு கோடிக்கு மேல."

சுயம்புலிங்கம் குனிந்து பார்த்தார். குச்சி குச்சியாக ஒரு படம். அதன் கீழே வரிசையாக எண்கள்.

"இந்த நம்பரெல்லாம் தராசுல போட்டுப் பாத்து எழுதுனதா?"

"இல்லப்பா. பாதிக்கு மேல கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லுதது. பொருளக் கண்ணால பாக்காமலே, இதோட எடை இவ்வளவு, இது எண்ணெயில கரையுமா தண்ணியில கரையுமான்னு சொல்லிரும்."

"நம்ம சோசியர் மாதிரி."

"கிட்டத்தட்ட. ஆனா இது பரிகாரம் சொல்லாது."

அவரும் அதில் பரிகாரம் தேடாமல் விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சுயம்புலிங்கம் அந்தப் பதினோரு கோடியைப் பார்த்ததுமே சங்கரலிங்க சுவாமியைப் பார்த்த மாதிரி கும்பிட்டுவிட்டார்.

"அப்பம் மாஸ்டர் சால்னாவ அனுப்புவோம்."

"ரெண்டையும் அனுப்பணும்பா. அம்மா வைக்கிற சால்னாவும் வேணும், எதிர்க்கடை சால்னாவும் வேணும். ஒப்பிட்டுப் பாத்தாத்தான் எது கூட, எது கொறைன்னு தெரியும்."

"ஒங்கம்மா சால்னாவ எதுக்கு மதுரைக்கு அனுப்பணும்? அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? ஒண்ணுமே இல்ல."

அடுப்படியில் ஏதோ ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகவே கீழே வைக்கப்பட்டது. பிரேமலதா அப்பாவைப் பார்த்தாள், அடுப்படியைப் பார்த்தாள், மடிக்கணினியை மூடிவிட்டாள்.

அடுத்த சிக்கல், எதிர்க்கடையில் போய் யார் வாங்குவது என்பது. சுயம்புலிங்கம் போக முடியாது. மாரித்தாயிடம் கேட்கவே தைரியம் இல்லை. பிரேமலதா போனால், அந்த நேரத்தில் ரோடெல்லாம் நிற்கிற அவளுடைய கல்லூரிப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். மிஞ்சியது முத்துமாரி. கடையில் வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் விளக்கவும் பத்தொன்பது வருடமாக வருகிறவள், ஐம்பதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள்.

"முத்துமாரி, இந்தத் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுப் பாட்சா கடைக்குப் போயி ரெண்டு பரோட்டா வாங்கு. சால்னா கூடக் கொஞ்சம் கேளு."

"நானா அண்ணாச்சி?"

"நீதான். முந்தானைக்குள்ள மறைச்சிக் கொண்டாந்துரு. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

முத்துமாரி சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு புறவாசல் வழியாகப் போனாள். கால் மணி நேரத்தில் அதே வழியாகத் திரும்பி வந்து, சட்டியை மேஜையில் வைத்துவிட்டு, "பரோட்டா தீந்துபோச்சாம். சால்னா மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்துக்குப் போய்விட்டாள்.

சுயம்புலிங்கம் மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு பரோட்டாவைப் பிய்த்து முக்கி வாயில் போட்டார். கண்ணை மூடினார். திறக்கவில்லை. இன்னொரு வாய். பிறகு சட்டியையே தூக்கி இரண்டு மடக்குக் குடித்தார். கண்ணோரத்தில் தண்ணீர் கட்டிவிட்டது.

"சால்னான்னா இது!" என்றார். "எப்பா, என்னா கை! நாக்குல வச்சதும் நெஞ்சுக்குள்ள எறங்குது பாரு. அன்னைக்கு உப்புன்னு சொன்ன இந்த வாயத்தான் கழுவணும். ஏட்டி மாரி, இங்கன வா. இது சால்னா. நீ வைக்கது கழனித்தண்ணி."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனே அவருக்கே தெரிந்தது. மாரித்தாயின் முகம் ஒரு நொடி சுருங்கி, பிறகு ஒன்றும் இல்லாதது போல் ஆகிவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் அவள் அவரை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். இப்போது திட்டவில்லை என்பதுதான் அவருக்கு முள்ளாகக் குத்தியது.

"நீயும் ஒரு வாய் குடிச்சிப் பாரு" என்றார் சமாதானமாக.

"எனக்கு வேண்டாம். கழனித்தண்ணி குடிச்சிப் பழகுன வாயி" என்று சொல்லிவிட்டு அண்டாவைக் கிளறப் போய்விட்டாள்.

ஒரு பாட்டில் மதுரைக்குப் போனது. மீதியை ஒரு டப்பாவில் ஊற்றி வீட்டு ஃப்ரிஜ்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சுயம்புலிங்கம் உத்தரவு போட்டார்.

நான்காம் நாள் அறிக்கை வந்தது. நாற்பத்து மூன்று பெயர்கள். ஒன்றுகூடச் சங்கரன்கோவில் மளிகைக்கடையில் கேட்டு வாங்கக்கூடியது இல்லை. அப்பாவும் மகளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அந்த இணையதளத்தில் தேடினார்கள்.

"பெரிய அளவுல இருக்கது யூஜெனால்" என்றாள் பிரேமலதா. "கிராம்புல உள்ளது."

"ஆகா! ரகசியம் கிராம்புலதான் இருக்கு."

"யப்பா, அம்மாவும் கிராம்பு போடத்தான செய்வாங்க? அதான் ஒப்பிடணும்னு…"

"போடுவா, நாலு. மாஸ்டர் அள்ளிப் போட்டிருப்பான். அதான் நெஞ்சுக்குள்ள எறங்குது."

அன்று மாலை மாரித்தாய் வழக்கம்போல் சால்னாவை இறக்கி வைத்ததும், சுயம்புலிங்கம் இரண்டு கை கிராம்பை இடித்து அதில் கொட்டினார். முதல் பந்தியில் ஒரு லாரி டிரைவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, பல்லு புடுங்கப் போறீயளா? வாயி மரத்துப்போச்சி."

அவரைச் சுற்றியிருந்த நாலு பேரும் கன்னத்தைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் மறுநாள் வரவில்லை.

"ஒண்ண மட்டும் போட்டா அப்படித்தான்" என்று சுயம்புலிங்கம் தன்னைத் தேற்றிக்கொண்டார். "ரெண்டாவது பேரு என்ன தாயி?"

"அனித்தோல். பெருஞ்சீரகம், அன்னாசிப்பூ."

மறுநாள் அரைப்படி பெருஞ்சீரகமும் ஒரு பொட்டலம் அன்னாசிப்பூவும் அண்டாவுக்குள் போயின. கிராம்பு வாசனையை இது அமுக்கும் என்று கணக்கு. அமுக்கவில்லை, கைகோத்துக்கொண்டது.

"அண்ணாச்சி," என்றார் துணிக்கடைக்காரர் ஒருவர் மரியாதையாக, "சாப்பிட்டு முடிச்ச பொறவு சோம்பு குடுப்பாவ. நீங்க சாப்பாடே சோம்பாக் குடுத்துட்டீய."

மூன்றாவது பெஞ்சு காலி. இப்போது இரண்டாவது பெஞ்சிலும் பாதி காலி.

மாரித்தாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "இதப் போடு", "அதப் போடு" என்று அவர் சொல்லும்போதெல்லாம், "ஒங்க கடை, ஒங்க அண்டா, ஒங்க கம்ப்யூட்டர்" என்று மட்டும் சொன்னாள். வீட்டில் சோறு நேரத்துக்கு வந்தது, தண்ணீர் வந்தது. பேச்சுத்தான் வரவில்லை. சுயம்புலிங்கம் இரண்டு தடவை, "ஏ மாரி, அன்னைக்கு நான் சொன்னது…" என்று ஆரம்பித்தார். இரண்டு தடவையும் அவளுக்கு உடனே வெளியே ஏதோ வேலை வந்துவிட்டது.

சால்னாவைச் சரி பண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதைவிட நாற்பத்து மூன்று மூலக்கூறுகளைத் தேடுவது ஆண்பிள்ளைகளுக்குச் சுலபம்.

பிரேமலதாவுக்குக் கல்லூரியில் பரீட்சை வேலை வந்துவிட்டது. சுயம்புலிங்கம் தன் போனிலேயே அந்தத் தளத்தைத் திறந்துகொண்டார். எண்ணெயில் கரைகிறதா தண்ணீரில் கரைகிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்கிற எண் எங்கே இருக்கும் என்று மகள் காட்டிக் கொடுத்திருந்தாள். யூஜெனாலுக்கு இரண்டு. அனித்தோலுக்கு மூன்றுக்கு மேல். எண் கூடக்கூட எண்ணெய்ப் பாசமும் கூடும். சுயம்புலிங்கம் துள்ளி எழுந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்! எல்லாம் எண்ணெயில கரையுத சாதி. நாம எண்ணெய் கொறைச்சலா ஊத்துதோம், வாசனைக்கு உக்கார எடமில்ல!"

அன்று சால்னாவின் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் மிதந்தது. ஒரு பெரியவர் கரண்டியை உள்ளே விட்டுச் சால்னாவைத் தேடினார். கிடைக்கவில்லை.

"இத நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றார். "நாளைக்குச் சனிக்கெழம. தலைக்குத் தேச்சிக் குளிச்சிக்கிடுதேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட பிறகு அது சும்மா இருக்குமா? அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. பெயர் உறுதியாகவில்லை என்று போட்டு, பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன் என்ற கணக்கை மட்டும் கொடுத்திருந்தார்கள். பேரில்லாததுதான் ரகசியமாக இருக்கும் என்று சுயம்புலிங்கத்தின் மனது அடித்துச் சொல்லியது. அந்தக் கணக்கைத் தளத்தில் போட்டுத் தேடினார். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. எல்லாவற்றுக்கும் அதே பத்து, அதே பதினாறு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்று "ஏ சங்கரா" என்று கூப்பிட்டால் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்க்குமே, அந்தக் கதை.

மேலாக இருந்ததை எடுத்தார். லிமோனீன். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ளது. அன்று இருபத்தைந்து எலுமிச்சம்பழத் தோல் அண்டாவுக்குள் இறங்கியது.

வாசலில் வந்து நின்ற ஒரு குடும்பம் உள்ளே கால் வைக்காமல் தயங்கியது.

"வாங்க, வாங்க, எடம் இருக்கு!"

"தரை தொடச்சிருக்கீய போல. ஈரம் காயட்டும், வாரோம்" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தார்கள்.

கடைசியாக நடந்ததுதான் பெரிய கூத்து. ஆர்வக்கோளாறில், அறிக்கையில் இல்லாத மிளகாயையும் தேடிப் பார்த்துவிட்டார். மிளகாயின் காரத்துக்குக் காரணமான மூலக்கூறின் பக்கத்தில், சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மண்டை ஓடு பல்லைக் காட்டியது. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"தாயி, இருபத்திரண்டு வருசமா ஊருக்கு விஷம் வச்சிருக்கேனே!"

"யப்பா, அது சுத்தமாப் பிரிச்செடுத்து அப்படியே முழுங்குனாத்தான். மொளகாய்க்கு இல்ல. நான் வகுப்புல இருக்கேன், பொறவு பேசுதேன்."

முதல் பாதியோடு போன் கட்டாகிவிட்டதா, அவர் காது கட்டாகிவிட்டதா, தெரியாது. அன்று அண்டாவில் ஒரு மிளகாய்கூட விழக்கூடாது என்று நின்றுவிட்டார். குருவிகுளத்திலிருந்து சந்தைக்கு வந்த ஒருவர் மட்டும் அன்று கடைக்குள் வந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். நிமிர்ந்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் குடுத்து விடுததா இது?"

ஆடித்தபசுக்கு இரண்டே நாள் இருந்தது. பெஞ்சுகள் மூன்றும் காலி. பரோட்டாக் கல் சூடாகித் தானே ஆறியது. ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? சுயம்புலிங்கம் கடைச் சால்னா என்று சொல்லிப் பஸ் ஸ்டாண்டில் சிரிக்கிறார்கள் என்ற செய்தியும் வந்தது. முத்துமாரி கூட உரிக்க வெங்காயம் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்ப்பாள், ஏதோ சொல்ல வாயெடுப்பாள், பிறகு தரையைப் பார்ப்பாள்.

சுயம்புலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"தோத்துட்டேன் மாரி. கடை போச்சி."

பத்து நாளாகப் பேசாதவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக, இந்த மனிதன் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காத மனசும் இருந்தது.

"போயி மாஸ்டரக் கூப்பிடுங்க" என்றாள். "உப்புன்னு சொன்னது தப்புன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை. நான் வைக்கது ஒங்களுக்குப் பிடிக்கலன்னா விடுங்க. கடை இருக்கட்டும்."

சுயம்புலிங்கம் ரோட்டைக் கடந்தார். அந்த இருபதடி தூரம் அவருக்குக் கழுகுமலை வரை நடந்த மாதிரி இருந்தது.

மைதீன் பாட்சா கடையில் முதலில் கண்ணில் பட்டவர் சங்கரசுப்பு. சுவரோரமாக, ஒரு பிளக்கில் போனைச் செருகிவிட்டு, அதன் பக்கத்தில் காவல் காக்கிற மாதிரி உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார்.

"வாரும் வே!" என்றார் சங்கரசுப்பு. "தப்பா நெனைக்காதேயும். என் போன்ல சார்ஜே நிக்க மாட்டேங்கு. ஒம்ம கடையில பிளக் இல்ல. அதான் இங்கன ஒரு தோசையும் சட்னியும். சால்னான்னா எனக்கு ஒம்ம கடைதான்."

அது சுயம்புலிங்கத்தின் காதில் ஏறவே இல்லை. அவர் நேரே உள்ளே போய், சண்முகையாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், அன்னைக்கு உப்பு சரியாத்தான் இருந்துச்சி. என் நாக்குத்தான் சரியில்ல. வந்துருங்க."

சண்முகையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு மாதமாகக் காத்திருந்தவர் அவர்.

"என்ன அண்ணாச்சி, இதுக்குப் போயிக் கையக் கட்டிக்கிட்டு. நானும் அன்னைக்குக் கரண்டியப் போட்டுட்டு வந்தது தப்புத்தான். பாட்சா பாய்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரேன். மொதல்ல ஒங்க அண்டா என்ன நெலமையில இருக்குன்னு பாப்போம்."

மைதீன் பாட்சா, "மாஷா அல்லாஹ், ஒங்க ரெண்டு பேருக்கும் இப்பமாவது புத்தி வந்துச்சே" என்று சிரித்து அனுப்பி வைத்தார்.

கடைக்குள் வந்த சண்முகையா அண்டாவைத் திறந்து மோந்து பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். "இது என்ன, வைத்தியரு கடையா?"

"அத விடுங்க." சுயம்புலிங்கம் வீட்டிலிருந்து ஐஸ் பெட்டி டப்பாவை எடுத்துவரச் செய்து, அதில் இருந்ததைத் தன் கையாலேயே சுட வைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். கல்லூரியிலிருந்து வந்த பிரேமலதாவும் பக்கத்தில் நின்றாள். மாரித்தாய் அடுப்போரம். முத்துமாரி கதவோரம்.

"இது நீங்க பாட்சா கடையில வச்ச சால்னா. களவாண்டுதான் வாங்குனேன், மன்னிச்சிருங்க. இந்தக் கையத்தான் பதினோரு கோடியிலயும் தேடுனேன், கெடைக்கல. தபசுக்கு இதே மாதிரி வச்சிக் குடுங்க, அது போதும்."

சண்முகையா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிண்ணம் முழுவதையும் குடித்துவிட்டு, விரலால் அடியை வழித்து நக்கினார்.

"அண்ணாச்சி, இது நான் வச்சதில்லையே."

"வெளையாடாதீங்க மாஸ்டர்."

"கோமதி அம்மன் சத்தியமா. நான் இதவிடத் தேங்கா கூடுதலாப் போடுவேன், இது வேற கை. பாட்சா கடையில இப்படி ஒரு சால்னா என்னைக்கும் வச்சதில்ல. உள்ளதச் சொல்லுதேன், எனக்கு இப்படி வராது. யாரு வச்சதுன்னு சொல்லுங்க, நான் போயி நின்னு படிச்சிக்கிடுதேன்."

சுயம்புலிங்கம் மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் மெதுவாகத் திரும்பிக் கதவோரத்தைப் பார்த்தார்கள். முத்துமாரி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாக என்றைக்கும் பேசியதில்லை.

"நம்ம கடை உப்பத் தின்னுட்டு எதுத்த கடை வாசல்ல போயி நிக்க எனக்கு மனசு வரல அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கண்ணு கலங்கிக் குடிச்சது, நம்ம மதினி வச்ச அண்டாவுல நான் மொண்டு ஊத்துனதுதான்."